கற்பூரமும் கார்பன் அயனியும்

கற்பூரத்தை அறியாதார் நம் நாட்டில் இலர். வழிபாட்டில் சுடராக எரிவதும், வலி நீக்கும் களிம்புகளில் சேர்வதுமான அவ்வெண்ணிறப் பொருள், பண்டைக்காலம் முதல் கிழக்கு ஆசியாவில் வளரும் கற்பூர மரத்திலிருந்து பெறப்பட்டு வந்தது. மரத்தைச் சிறு துண்டுகளாகச் சீவி, நீராவியைச் செலுத்திக் காய்ச்சி வடித்தால், கற்பூரம் படிகங்களாகத் திரளும். இன்று சந்தையில் விற்கப்படும் கற்பூரத்தின் பெரும்பகுதியோ அம்மரத்திலிருந்து வந்ததன்று. பைன் மரத்துப் பிசினை வடித்துப் பெறப்படும் டர்ப்பென்டைன் எண்ணெயிலிருந்து அது தொழிற்சாலைகளில் செய்யப்படுகிறது.

இதில் ஒரு புதிர் உள்ளது. டர்ப்பென்டைனின் முக்கியக் கூறு பைனீன் என்னும் பொருளாகும். பைனீனிலும் கற்பூரத்திலும் பத்துக் கார்பன் அணுக்களே உள்ளன. ஆயினும் அவ்வணுக்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுள்ள முறை வேறு. கதவையும் சன்னலையும் மாற்றுவதுபோல் வெளிப்புறத்தில் ஓரணுவை நீக்கி மற்றோரணுவைப் பொருத்துவதால் பைனீன் கற்பூரமாகிவிடாது. வீட்டின் தூண்களும் உத்திரங்களுமே இடம் மாறியாக வேண்டும். அமிலத்தோடு சேர்ந்ததும் பைனீன் மூலக்கூறு தன் சட்டகத்தைத் தானே திருத்தி அமைத்துக்கொள்கிறது. அஃது ஏன் நிகழ்கிறது, எவ்வாறு நிகழ்கிறது, எத்திசையில் நிகழும் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலுமா என்பன இக்கட்டுரையில் ஆராயப்படும்.

பழைய கொள்கையும் அதற்கு நேர்ந்த இடையூறும்

கார்பன் அணு நான்கு பிணைப்புகளைக் கொள்ளும் என்பதும், மூலக்கூறு ஒவ்வொன்றிலும் அணுக்கள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் இணைந்துள்ளன என்பதும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கெக்குலே, கூப்பர், பட்லெரோவ் முதலியோரால் நிலைநாட்டப்பட்டன. அக்காலத்தில் மூலக்கூற்றின் அமைப்பை நேராகக் காண்பதற்குக் கருவிகள் இல்லை. ஒரு பொருளைப் படிப்படியாகச் சிதைத்தும், அமைப்பு அறியப்பட்ட வேறு பொருள்களாக மாற்றியும், கிடைத்தவற்றிலிருந்து மூலப்பொருளின் அமைப்பை ஊகித்தனர்.

இம்முறை ஒரு நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. வினை எவ்விடத்தில் நிகழ்கிறதோ அவ்விடத்தில் மட்டுமே மாறுதல் உண்டாகும். எஞ்சிய சட்டகம் சிதையாமல் நிற்கும் என்பதே அந்நம்பிக்கை. இது பொய்க்குமாயின், விளைபொருளைக் கொண்டு மூலப்பொருளை அறியும் முறையே ஆட்டங் கண்டுவிடும்.

அது பொய்க்கும் என்பதற்கு முதற்சான்று விரைவிலேயே கிடைத்தது. ஜெர்மானிய அறிஞர் ஃபிட்டிக், 1860இல் பினக்கால் என்னும் பொருளைக் கந்தக அமிலத்தோடு சேர்த்தார். பினக்காலின் நடுவில் இரண்டு கார்பன் அணுக்கள் இணைந்து நிற்கின்றன. அவை ஒவ்வொன்றும் இரண்டு மெதில் தொகுதிகளையும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியையும் தாங்கியுள்ளன. அமிலத்தின் செயலால் ஒரு நீர் மூலக்கூறு நீங்கி, பினக்கலோன் என்னும் புதிய பொருள் உண்டாயிற்று. அதன் அமைப்பு 1870-களில் பட்லெரோவ் செய்த ஆராய்ச்சியால்தான் தெளிவாயிற்று. இரண்டிரண்டாகப் பிரிந்திருந்த மெதில் தொகுதிகளுள் ஒன்று, தன் கார்பனை விட்டு அடுத்த கார்பனுக்குச் சென்றிருந்தது. ஒரு கார்பனில் மூன்று மெதில்கள் கூடியிருந்தன.

டர்ப்பென்டைனிலும் இதே தவறான நம்பிக்கை நெடுங்காலம் இடர் விளைத்தது. உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை டர்ப்பென்டைனில் செலுத்தினால், கற்பூரத்தை ஒத்த மணமுடைய ஒரு வெண்படிகம் கிடைக்கும். இதனைச் செயற்கைக் கற்பூரம் என்றே வழங்கினர். பைனீனோடு அமில வாயு சேர்ந்து உண்டானதால் இதற்குப் பைனீன் ஹைட்ரோகுளோரைடு என்று பெயரிட்டனர். சட்டகம் மாறியிருக்கும் என்ற ஐயம் எவருக்கும் எழவில்லை. வார்சாவில் பணியாற்றிய ருஷ்ய அறிஞர் வாக்னர், 1899இல் இப்பொருள் கற்பூரத்தின் சட்டகத்தையே உடைய போர்னைல் குளோரைடு என்று காட்டினார். பைனீனின் பெயரைத் தாங்கி நின்ற அப்பொருளில் பைனீனின் சட்டகம் இல்லை. கற்பூரத்தின் சரியான அமைப்பை பிரெட் என்பவர் 1893இல் வெளியிடுவதற்கு முன்னர்ப் பல்வேறு தவறான அமைப்புகள் முன்மொழியப்பட்டதற்கு இத்தகைய சட்டக மாற்றங்களும் ஒரு காரணமாகும்.

எலெக்ட்ரான் குறைந்த கார்பன்

இம்மாற்றங்களுக்கெல்லாம் பொதுவான காரணம், வினையின் இடையில் சிறிது நேரமே தோன்றி மறையும் ஒருவகைக் கார்பன் அயனியாகும்.

சாதாரணமாகக் கார்பன் அணுவைச் சுற்றி நான்கு பிணைப்புகள் உள்ளன. ஒவ்வொரு பிணைப்பும் இரண்டு எலெக்ட்ரான்களால் ஆனது. ஆகவே கார்பனைச் சூழ எட்டு எலெக்ட்ரான்கள் உள்ளன. அது நிறைவான நிலை. கார்பனோடு இணைந்துள்ள ஒரு குளோரின் அணு, பிணைப்பின் இரண்டு எலெக்ட்ரான்களையும் தன்னுடன் எடுத்துக்கொண்டு பிரிந்து செல்வதாகக் கொள்வோம். குளோரின் எதிர்மின் அயனியாகும். பின்தங்கிய கார்பனில் மூன்று பிணைப்புகளும் ஆறு எலெக்ட்ரான்களும் எஞ்சும். அது நேர்மின் ஏற்றம் பெறும். ஹைட்ராக்சில் தொகுதி அமிலத்தின் உதவியால் நீராகி வெளியேறும்போதும், இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் அயனி சென்று சேரும்போதும் இவ்வகை அயனியே தோன்றுகிறது. இதனைக் கார்போனியம் அயனி என்று நெடுங்காலம் வழங்கினர். 1972இல் ஓலா என்னும் அறிஞர் செய்த பரிந்துரைக்குப் பின்னர்க் கார்போகேட்டயன் என்பது பொதுப்பெயராயிற்று. இக்கட்டுரையில் அது கார்பன் அயனி என்றே குறிக்கப்படும்.

கார்பன் அயனியின் மூன்று பிணைப்புகளும் ஒரே தளத்தில், ஏறத்தாழ 120 டிகிரிக் கோணத்தில் விரிந்து நிற்கும். அத்தளத்தின் மேலும் கீழுமாக, எலெக்ட்ரான் இல்லாத ஒரு வெற்றிடம் இருக்கும். இக்குறை அண்டையிலுள்ள தொகுதிகளால் ஓரளவு ஈடு செய்யப்படுகிறது. மெதில் போன்ற கார்பன் தொகுதிகள் தம் எலெக்ட்ரான் செறிவில் ஒரு பகுதியை வெற்றிடத்தை நோக்கி நல்குகின்றன. எனவே அயனிக் கார்பனோடு மூன்று கார்பன்கள் இணைந்திருப்பின் அயனி மிகுந்த நிலைப்பு உடையது; அது மூவிணை அயனி எனப்படும். இரண்டு கார்பன்கள் மட்டும் இணைந்த ஈரிணை அயனி அதனினும் நிலைப்புக் குறைந்தது. ஒரே கார்பன் இணைந்த ஓரிணை அயனி மிகவும் நிலையற்றது. கரைசலில் அது தனித்துத் தோன்றுவது அரிது. இவ்வேறுபாடே இடமாற்றத்தின் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

இடமாற்றம் நிகழும் முறை

பந்தியில் வரிசையாக அமர்ந்திருப்போரிடையே ஓர் இலை காலியாகக் கிடக்கிறது என்று கொள்வோம். அடுத்திருப்பவர் அவ்விலைக்கு நகர்ந்தால், அவர் இருந்த இடம் காலியாகும். ஆள் ஒரு பக்கம் செல்ல, காலியிடம் எதிர்ப்பக்கம் செல்கிறது. கார்பன் அயனியில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. அயனிக் கார்பனுக்கு அடுத்த கார்பனிலுள்ள ஒரு ஹைட்ரஜனோ, மெதில் தொகுதியோ, வளையத்தின் ஒரு பகுதியோ, தன்னைப் பிணைத்திருந்த இரண்டு எலெக்ட்ரான்களுடன் வெற்றிடத்துக்கு நகர்கிறது. எலெக்ட்ரான்களை உடன் கொணர்வதால் பழைய வெற்றிடம் நிறைகிறது. அது விட்டு வந்த கார்பனில் புதிய வெற்றிடம் தோன்றுகிறது. நகரும் தொகுதி மூலக்கூற்றை விட்டு முற்றிலும் பிரிந்து செல்வதில்லை; ஒரு கார்பனைப் பற்றியிருக்கும்போதே மற்றதைப் பற்றுகிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய விட்மோர், 1932இல் இதனைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். நியோபென்டைல் ஆல்ககாலில் ஐந்து கார்பன்கள் உள்ளன. நடுக் கார்பனில் மூன்று மெதில்களும், ஹைட்ராக்சிலைத் தாங்கிய ஒரு கார்பனும் இணைந்துள்ளன. இதனை ஹைட்ரோபுரோமிக் அமிலத்தோடு வினைப்படுத்தினால், ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் புரோமின் அமர வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் கிடைத்த பொருளில் புரோமின் நடுக் கார்பனில் இருந்தது. மெதில் தொகுதி ஒன்று நடுவிலிருந்து ஓரக் கார்பனுக்குச் சென்றிருந்தது. நீர் வெளியேறும் இடம் ஓரிணைக் கார்பன். அங்கே வெற்றிடம் தங்க இயலாது. மெதில் நகர்ந்தால் வெற்றிடம் நடுக் கார்பனை அடைந்து, நிலைப்பு மிகுந்த மூவிணை அயனி உண்டாகிறது. புரோமின் அங்கே சென்று சேர்கிறது.

விட்மோரின் சிறப்பு இவ்வொரு சோதனையில் அடங்குவதன்று. பினக்கால் மாற்றம், வாக்னர் கண்ட மாற்றம், ஆல்ககால்கள் நீர் இழக்கும்போது தோன்றும் எதிர்பாராத பொருள்கள் ஆகிய தனித்தனிப் புதிர்கள் அனைத்தும் எலெக்ட்ரான் குறைந்த ஓர் அணுவின் செயலே என்று அவர் ஒரே விதியின்கீழ்க் கொணர்ந்தார்.

டர்ப்பென்டைன் கற்பூரமாகும் வழி

இனி முதலில் கூறிய புதிருக்கு வருவோம். பைனீன் மூலக்கூற்றில் ஆறு கார்பன் வளையம் ஒன்றும், அதனோடு பின்னிய நான்கு கார்பன் வளையம் ஒன்றும் உள்ளன. நான்கு கார்பன் வளையத்தில் பிணைப்புகள் இயல்பான கோணத்தினின்றும் வளைந்து நிற்பதால், அது இறுக்கி வளைத்த வில்லைப் போன்று இறுக்கம் மிக்கது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி பைனீனின் இரட்டைப் பிணைப்பில் சேரும்போது, அச்சிறிய வளையத்தை அடுத்த கார்பனில் வெற்றிடம் தோன்றுகிறது. உடனே அவ்வளையத்தின் ஒரு பிணைப்பு வெற்றிடத்துக்கு நகர, நான்கு கார்பன் வளையம் ஐந்து கார்பன் வளையமாக விரிகிறது. இவ்வாறு தோன்றும் அயனி கற்பூரத்தின் சட்டகத்தை உடையது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. முதலில் தோன்றிய அயனி மூவிணை அயனி. மாறியபின் கிடைப்பது ஈரிணை அயனி. மேலே கூறிய விதிக்கு இது முரணாகத் தோன்றும். ஆயினும் சிறிய வளையம் விரிவதால் நீங்கும் இறுக்கம், அயனியின் நிலைப்பில் ஏற்படும் இழப்பை ஈடு செய்துவிடுகிறது. ஆகவே அயனியின் வகையை மட்டும் நோக்காது, மூலக்கூறு முழுவதன் ஆற்றலையும் நோக்கியே திசையை முடிவு செய்தல் வேண்டும்.

விரிந்த அயனியைக் குளோரைடு பற்றிக்கொண்டால் வாக்னர் அடையாளங் கண்ட போர்னைல் குளோரைடு கிடைக்கும். அவ்வாறு பற்றப்படாவிடில், மற்றொரு பிணைப்பு நகர்ந்து வேறொரு மூவிணை அயனி உண்டாகி, அது ஒரு ஹைட்ரஜன் அயனியை இழந்து காம்பீன் என்னும் பொருளாகும். பைனீனிலும் காம்பீனிலும் பத்துக் கார்பன்களும் பதினாறு ஹைட்ரஜன்களும் உள்ளன. வேறுபாடு அமைப்பில் மட்டுமே.

தொழிற்சாலையில் இவ்வழியே கையாளப்படுகிறது. பைனீனை, அமிலத்தால் பதப்படுத்திய டைட்டானியம் டையாக்சைடு ஊக்கியுடன் சூடாக்கிக் காம்பீனாக மாற்றுவர். காம்பீனை அசெடிக் அமிலத்தோடு, வலிய அமிலம் ஒன்றின் துணையால் சேர்ப்பர். அப்போது சட்டகம் மீண்டும் ஒருமுறை திரும்பி, கற்பூரச் சட்டகத்தை உடைய ஐசோபோர்னைல் அசெடேட் கிடைக்கும். அதனைக் காரத்தால் சிதைத்து ஐசோபோர்னியோல் என்னும் ஆல்ககாலாக்கி, செம்பு ஊக்கியின் மீது ஹைட்ரஜனை நீக்கினால் கற்பூரம் உண்டாகும். நம் நாட்டிலும் 1960-களிலிருந்து டர்ப்பென்டைனை அடிப்படையாகக் கொண்ட கற்பூரத் தொழில் நடைபெற்று வருகிறது.

மரத்துக் கற்பூரத்துக்கும் தொழிற்சாலைக் கற்பூரத்துக்கும் இடையிலுள்ள ஒரு வேறுபாட்டையும் இடமாற்றமே விளக்குகிறது. கற்பூர மரம் தரும் கற்பூரத்தின் கரைசல், ஒருதள ஒளியை வலப்புறமாகத் திருப்பும். செயற்கைக் கற்பூரமோ பெரும்பாலும் ஒளியை எப்புறமும் திருப்புவதில்லை. அமிலத்தில் அயனிகள் பலமுறை முன்னும் பின்னும் மாறுவதால், வலக்கை, இடக்கை போன்ற இரு வடிவங்களும் சம அளவில் உண்டாகி, ஒன்றன் விளைவை மற்றொன்று போக்கிவிடுகிறது.

மேர்வைனின் ஆராய்ச்சி

இத்தகைய மாற்றங்கள் அயனியின் வழியாகவே நிகழ்கின்றன என்பதை எவ்வாறு அறிந்தனர்? இப்பெருமை ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் மேர்வைனுக்கு உரியது. உப்புக்கள் அயனிகளாகப் பிரியும் என்பதை அனைவரும் ஏற்றிருந்தனர். டிரைபினைல்மெதில் போன்ற சில விசேஷச் சேர்மங்கள் நிறமுள்ள கார்பன் அயனிகளைத் தரும் என்பதும் 1901, 1902ஆம் ஆண்டுகளிலேயே அறியப்பட்டிருந்தது. ஆயினும் சாதாரணக் கரிமப் பொருள்களின் வினைகளில், கண்ணுக்குப் புலப்படாத அயனிகள் இடையில் தோன்றி மறைகின்றன என்னும் கருத்தைப் பலர் ஏற்கத் தயங்கிய காலம் அது.

மேர்வைனும் அவருடன் பணியாற்றிய வான் எம்ஸ்டரும் 1922இல் வெளியிட்ட ஆய்வில், காம்பீன் ஹைட்ரோகுளோரைடு தானாகவே ஐசோபோர்னைல் குளோரைடாக மாறும் வேகத்தைப் பல்வேறு கரைப்பான்களில் அளந்தனர். அயனிகளைப் பிரித்து வைக்கும் ஆற்றல் மிக்க கரைப்பான்களில், குறிப்பாகத் திரவ சல்ஃபர் டையாக்சைடில், மாற்றம் விரைந்து நிகழ்ந்தது. ஈதரில் மந்தமாக நிகழ்ந்தது. மேலும், குளோரைடு அயனியைத் தம்பால் இழுக்கும் ஆன்டிமனி, வெள்ளீயம், இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் குளோரைடுகள் மாற்றத்தை விரைவுபடுத்தின. போரான், சிலிகான் குளோரைடுகள் அவ்வாறு செய்யவில்லை. டிரைபினைல்மெதில் குளோரைடை அயனியாகப் பிரிக்க வல்லவை எவையோ அவையே இங்கும் பயன்பட்டன. அங்குப் பயன்படாதவை இங்கும் பயன்படவில்லை. இவ்வொற்றுமையிலிருந்து மேர்வைன் முடிவு கண்டார். முதலில் குளோரைடு பிரிகிறது. எஞ்சிய நேர்மின் அயனியே தன் சட்டகத்தை மாற்றிக்கொள்கிறது. மாறியபின் குளோரைடு வந்து சேர்கிறது. இதனால் இவ்வகை மாற்றம் வாக்னர்-மேர்வைன் மாற்றம் என்று இன்றும் வழங்கப்படுகிறது.

இமயமலைப் பைன் அளித்த புதிர்

இக்கொள்கையின் பயனை நம் நாட்டுப் பொருள் ஒன்றே நன்கு விளக்கும். இமயமலைச் சரிவுகளில் வளரும் சிர் பைன் மரத்தின் டர்ப்பென்டைனில், பைனீன் முதலியவற்றோடு கொதிநிலை உயர்ந்த மற்றொரு பொருளும் உள்ளது. அதனைப் பிரித்தெடுத்து 1920இல் வெளியிட்டவர் சைமன்சன். இவர் 1910 முதல் சென்னை மாநிலக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராக இருந்தவர். 1914இல் முதன்முதலாகக் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர். பின்னர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணி புரிந்தவர். அம்மரத்துக்கு அக்காலத்தில் வழங்கிய லத்தீன் பெயரை ஒட்டி, அப்பொருளுக்கு லாங்கிஃபோலீன் என்று பெயர் வந்தது. அதில் பதினைந்து கார்பன்களும் இருபத்து நான்கு ஹைட்ரஜன்களும் உள்ளன.

அதன் அமைப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விளங்காமலே இருந்தது. மாஃபெட், ரோஜர்ஸ் என்போர் 1953இல் லாங்கிஃபோலீன் ஹைட்ரோகுளோரைடின் படிகத்தை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, அதன் அணுக்கள் அமைந்துள்ள முறையைக் கண்டனர். எனினும் படிகத்தில் கண்ட சட்டகத்தை அப்படியே லாங்கிஃபோலீனுக்கும் உரியதாகக் கொண்டிருந்தால் முடிவு பிழையாகியிருக்கும். ஹைட்ரஜன் குளோரைடு சேரும்போதே சட்டகம் மாறிவிட்டிருந்தது. காம்பீன், ஐசோபோர்னைல் குளோரைடாக மாறும் வழி முன்னரே தெரிந்திருந்தமையால், அவ்வழியைப் பின்னோக்கி நடந்து லாங்கிஃபோலீனின் உண்மையான அமைப்பை அடைய முடிந்தது. அதே காலத்தில் பிரான்சில் நாஃபா, ஊரிஸன் ஆகியோர் இரசாயன முறைகளாலும் அவ்வமைப்பையே எய்தினர். கோரி என்பவர் 1961இல் இப்பொருளை ஆய்வுக்கூடத்தில் தொகுத்து வெளியிட்டார்.

லாங்கிஃபோலீனை அமிலத்தோடு சேர்த்தால், ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடமாற்றங்கள் நிகழ்ந்து ஐசோலாங்கிஃபோலீன் கிடைக்கிறது. பூனாவிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில் சுக்தேவும் அவர்தம் குழுவினரும் 1960-களில் இவ்விரு பொருள்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்தனர். ஐசோலாங்கிஃபோலீனிலிருந்து செய்யப்படும் பொருள்கள் வாசனைத் தொழிலில் பயன்படுகின்றன.

அயனியை நேரிற் கண்டமை

மேர்வைனும் விட்மோரும் கார்பன் அயனியை ஊகத்தால் நிறுவினர். அதனை நேரில் காண்பதற்கு, அது பற்றிக்கொள்ளக் கூடிய எதிர்மின் தொகுதிகளோ நீரோ இல்லாத சூழல் தேவைப்பட்டது. ஹங்கேரியில் பிறந்து, 1956ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறிய ஜார்ஜ் ஓலா அச்சூழலைப் படைத்தார். ஆன்டிமனி பென்டாஃப்ளூரைடைக் கொண்டு, தூய கந்தக அமிலத்தைவிடப் பன்மடங்கு வலிய கலவைகளைச் செய்து, 1960-களின் தொடக்கத்தில் அவற்றில் கார்பன் அயனிகளை நெடுநேரம் நிலைத்திருக்கச் செய்தார். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையால் அவற்றின் அமைப்பும் அறியப்பட்டது.

கிளீவ்லாந்திலிருந்த அவர் ஆய்வுக்கூடத்தில் 1966இல் நிகழ்ந்த ஒரு செய்தி இங்குக் குறிப்பிடத்தக்கது. கிறிஸ்துமஸ் விருந்தில் எஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை ஆராய்ச்சியாளர் ஒருவர் அவ்வமிலத்தில் இட்டுப் பார்த்தார். மெழுகு கரைந்தது. அக்கரைசலை ஆராய்ந்தபோது, ஒரு கார்பனைச் சுற்றி மூன்று மெதில்கள் நிற்கும் மூவிணை பியூட்டைல் அயனியின் அடையாளம் தெளிவாகக் காணப்பட்டது. மெழுகின் நீண்ட நேர்சங்கிலி சிதைந்து, இடமாற்றங்களுக்கு உட்பட்டு, மிகுந்த நிலைப்புடைய அயனியில் வந்து முடிந்திருந்தது. அவ்வமிலத்துக்கு மாய அமிலம் என்ற பெயர் நிலைத்தது. ஓலாவுக்கு 1994ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இடமாற்றத்தைப் பற்றிய ஒரு பெரும் விவாதமும் பல ஆண்டுகள் நடைபெற்றது. கற்பூரத்தின் சட்டகத்தை ஒத்த, மெதில் தொகுதிகள் இல்லாத நார்போர்னைல் அயனியில், பிணைப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு விரைந்து நகர்கிறதா, அல்லது இரு கார்பன்களுக்கும் பொதுவாக நடுவில் நிலைத்து நிற்கிறதா என்பதே வினா. 1949இல் வின்ஸ்டைன் இரண்டாவது கருத்தை முன்வைத்தார். பிரௌன் அதனை வன்மையாக மறுத்தார். இறுதியில் 2013இல் அவ்வயனியின் உப்பைப் படிகமாக்கி, கெல்வின் அளவையில் 40 டிகிரி என்னும் மிகத் தாழ்ந்த உஷ்ணநிலையில் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது, நடுவில் நிற்கும் பாலம் போன்ற அமைப்பே காணப்பட்டது. சாதாரண அயனிகளில் நகர்ச்சியின் இடைநிலையாக மட்டும் இருக்கும் அமைப்பு, இங்கு நிலையான அமைப்பாகவே உள்ளது.

பெட்ரோல் முதல் உயிரணு வரை

இம்மாற்றங்களின் பயன் கற்பூரத்தோடு முடிந்துவிடவில்லை. பெட்ரோலில் நேர்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் மிகுந்தால், இயந்திரத்தில் எரிபொருள் ஒழுங்கின்றி வெடித்துத் தட்டொலி எழும். கிளைத்த சங்கிலிகளில் இக்குறை குறைவு. இத்தன்மையை ஆக்டேன் எண்ணால் அளப்பர். ஐந்து கார்பன்களையுடைய நேர்சங்கிலிப் பென்டேனின் ஆக்டேன் எண் சுமார் 62. அதன் கிளைத்த வடிவமான ஐசோபென்டேனின் எண் சுமார் 92. ஓரணுவும் கூடாமலும் குறையாமலும், அமைப்பு மட்டும் மாறியதால் விளைந்த வேறுபாடு இது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் அமிலத்தன்மையுடைய ஊக்கிகளின் மீது இம்மாற்றம் பெருமளவில் செய்யப்படுகிறது. அங்கும் இடையில் தோன்றுவது கார்பன் அயனியே.

உயிர்களிலும் இதே வினை நிகழ்கிறது. கற்பூர மரம் கற்பூரத்தை ஆக்குவதும் கார்பன் அயனிகளின் வழியாகத்தான். தொழிற்சாலையில் வலிய அமிலம் செய்வதை மரத்தில் நொதிகள் செய்கின்றன. நம் உடலில் கொலஸ்டிரால் உண்டாகும் வழியில் இன்னும் வியப்பான காட்சி உள்ளது. முப்பது கார்பன்களையுடைய ஸ்குவாலீன் என்னும் நீண்ட மூலக்கூறு, முதலில் ஆக்ஸிஜனைப் பெற்று, பின் நொதி ஒன்றின் பிடியில் நான்கு வளையங்களாக மடிகிறது. அப்போது ஒரு முனையில் தோன்றும் வெற்றிடத்தை நிரப்ப, இரண்டு ஹைட்ரஜன்களும் இரண்டு மெதில்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தம் அடுத்த கார்பனுக்கு நகர்கின்றன. பந்தியில் நால்வர் வரிசையாக ஓரிடம் நகர்ந்ததற்கு இஃது ஒப்பாகும். இவ்வாறு உண்டாகும் லானோஸ்டிராலிலிருந்தே கொலஸ்டிரால் பிறக்கிறது. மெதில்கள் இங்ஙனம் நகர்கின்றன என்ற கருத்தை வுட்வர்டும் பிளாக்கும் 1953இல் வெளியிட்டனர். அமிலத்தில் அயனி தன் போக்கில் பல திசைகளில் மாறிப் பல பொருள்களைத் தரும். நொதியோ அதனை ஒரே வழியில் செலுத்தி ஒரே பொருளைப் பெறுகிறது.

வேண்டாத இடமாற்றத்தைத் தவிர்த்தல்

இடமாற்றம் பயன் தருவதுபோலவே இடையூறும் செய்யும். பென்சீனோடு நேர்சங்கிலிப் புரோபைல் தொகுதியைச் சேர்க்க விரும்பி, அலுமினியம் குளோரைடின் துணையால் புரோபைல் குளோரைடைச் சேர்த்தால், கணிசமான பகுதி ஐசோபுரோபைல் பென்சீனாகவே கிடைக்கும். ஓரக் கார்பனிலிருந்து குளோரைடு விலகும்போதே, அடுத்த கார்பனின் ஹைட்ரஜன் நகர்ந்து, வெற்றிடத்தை நடுவுக்கு மாற்றிவிடுகிறது. இதனைத் தவிர்க்க, முதலில் புரோப்பியோனைல் குளோரைடைச் சேர்த்துப் பின் அதன் ஆக்ஸிஜனை நீக்குவர். ஆக்ஸிஜனின் துணையால் நிலைப்புப் பெற்ற அவ்வயனி இடம் மாறுவதில்லை.

இரட்டைப் பிணைப்போடு நீரைச் சேர்க்கும்போதும் இவ்வாறே. அமிலத்தைப் பயன்படுத்தினால் கார்பன் அயனி தோன்றிச் சட்டகம் மாறக்கூடும். பிரௌன் கண்டறிந்த ஹைட்ரோபோரேற்ற முறையிலோ தனித்த கார்பன் அயனி தோன்றுவதில்லை. ஆகவே சட்டகம் காக்கப்படுகிறது. போரான் சேர்மங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1979இல் நோபல் பரிசு பெற்ற இவர், மேலே கூறிய நார்போர்னைல் விவாதத்தில் ஈடுபட்ட அதே பிரௌன் ஆவார்.

எனவே கரிம இரசாயனம் பயிலும் மாணவர்கள் ஒரு வினையின் விளைபொருளை எழுதுமுன் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நன்று. இவ்வினையில் கார்பன் அயனி தோன்றுகிறதா? தோன்றுமாயின், அதன் அண்டையிலிருந்து ஹைட்ரஜனோ கார்பன் தொகுதியோ நகர்ந்தால் மேலும் நிலைப்புடைய அயனி கிடைக்குமா, அல்லது வளையத்தின் இறுக்கம் நீங்குமா? இறுதியில் கிடைக்கும் பொருள்களுள் எது நிலைப்பு மிக்கது? காம்பீன் ஹைட்ரோகுளோரைடு மூவிணைக் கார்பனில் குளோரின் உடையதாயிருந்தும், நெருக்கம் குறைந்த ஐசோபோர்னைல் குளோரைடாக மாறுவது மூன்றாவது வினாவின் இன்றியமையாமையை உணர்த்தும்.

இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண இயலுமாயின், நூற்றுக்கணக்கான வினைகளைத் தனித்தனியே மனனம் செய்ய வேண்டுவதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆராய்ச்சியாளரைத் திகைக்க வைத்த மாறுதல்கள், இன்று காகிதத்தில் முன்கூட்டியே வரைந்து காட்டத்தக்கனவாக ஆகியுள்ளன. பைன் மரத்துப் பிசின் கற்பூரமாவதும், நேர்சங்கிலி எரிபொருள் கிளைத்த எரிபொருளாவதும், உயிரணுவில் கொலஸ்டிரால் உருவாவதும், எட்டு எலெக்ட்ரான்களுக்குரிய இடத்தில் ஆறு மட்டுமே உள்ள ஒரு கார்பன் அணு தன் குறையை நிரப்பிக்கொள்ள முயல்வதன் விளைவுகளேயாம்.